மாநகராட்சி வாடகை, கிராமத்து விசாரணை

சித்திரை வெயில் நாமக்கல் மலையைக் காய்ச்சி எடுக்கிற நாட்களில்தான் ஊருக்குள் வீடு தேடும் கூட்டமும் வந்து இறங்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், முடிவு வரும்வரைகூடக் காத்திராமல், அப்பா, அம்மா, பிள்ளை என்று மூவருமாக வருவார்கள். காலையில் பள்ளிக்கூட அட்மிஷன் அலுவலகம், நடுவில் ஆஞ்சநேயர் சன்னதி, வெயில் தாழ்ந்ததும் டூ-லெட் பலகை. கேட்டில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட அந்தப் பலகையில் இருப்பதெல்லாம் ஒரு கைப்பேசி எண்தான். வாடகை எவ்வளவு என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. வந்திருப்பது யார் என்று பார்த்த பிறகுதான் அது முடிவாகும்.

பிள்ளையை விடுதியில் விட்டால் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, தனியாக அழும், இரவில் படிக்கிறதா என்று பார்க்க ஆளிருக்காது என்று நினைக்கும் குடும்பங்கள் இவை. அதனால் அம்மா மட்டும் இரண்டு வருடத்துக்கு நாமக்கல்லில் குடித்தனம் வைப்பார். அப்பா சொந்த ஊரில் கடையையோ காட்டையோ பார்த்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வருவார். ஒரு பிள்ளையின் பிளஸ் டூவுக்காக ஒரு குடும்பம் இரண்டு அடுப்பு எரிக்கிறது.

இந்த வழக்கம் திடீரென்று வந்ததில்லை. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ரத்து செய்து 2006-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே வாசல் ஆனது. மதிப்பெண் வாங்கித் தருவதில் பெயரெடுத்திருந்த நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பள்ளிகளை நோக்கித் தமிழ்நாடே திரும்பியது. 2017-ல் நீட் வந்தது. அதே ஆண்டு மாநில அளவில் முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பதையும் அரசு நிறுத்திவிட்டது. அத்தோடு நாமக்கல்லின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. பள்ளியோடு பயிற்சி மையமும் சேர்ந்துகொண்டது. பிளஸ் டூ முடித்தும் ஒரு வருடம் நீட்டுக்கு உட்காரும் பிள்ளைக்காக, இரண்டு வருடக் குடித்தனம் சில வீடுகளில் மூன்று வருடமானது.

வீட்டு உரிமையாளருக்கு இவர்களைவிட நல்ல வாடகைதாரர் கிடைப்பது அரிது. ஆள் குறைவு. வாடகை தவறாது. பிள்ளை படிப்பதால் வீட்டில் டிவி சத்தம்கூட இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, போகும் தேதி வரும்போதே தெரியும். இருந்துகொண்டு காலி பண்ண மாட்டேன் என்று மல்லுக்கட்டும் ஆட்கள் இல்லை. அடுத்த மே மாதம் அடுத்த அம்மா வருவார், வாடகையை ஐந்நூறோ ஆயிரமோ கூட்டிச் சொல்லலாம். ஏற்கெனவே குடியிருக்கிறவரிடம் வாடகையை ஏற்றுவதைவிட, புதிதாக வருகிறவரிடம் ஏற்றிச் சொல்வது சுலபம்தானே.

இந்த ஏற்பாட்டில் அடிபடுவது உள்ளூர்க்காரர். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைப்பவர், பெயிண்டர், நகைக்கடை விற்பனையாளர், தனியார் பேருந்து நடத்துனர், நர்ஸ். இவர்களுக்குப் பிள்ளைக்காக இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொள்ளும் கணக்கு கிடையாது. வாழ்நாள் முழுக்க இங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் இவர்கள் கொடுக்க வேண்டிய வாடகையை நிர்ணயிப்பவர் எங்கிருந்தோ வந்து இரண்டு வருடத்தில் போய்விடுகிறவர். நாமக்கல்லின் வாடகை ஏன் ஊரின் அளவுக்கு மீறி நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

டவுனுக்குள் வேண்டுமா?

1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நாமக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் 55 ஆயிரத்துச் சொச்சம் பேர். பிறகு சுற்றியிருந்த ஊராட்சிகள் சேர்ந்தன. 2024-ல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, காரைக்குடியோடு சேர்த்து நாமக்கல்லையும் மாநகராட்சி ஆக்கினார்கள். இடையில் மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதலே இருக்கிறது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், வங்கிகள், முட்டை வியாபாரம், கேஸ் டேங்கர் லாரித் தொழில் என்று மாற்றலாகி வருகிறவர்களும் பிழைக்க வருகிறவர்களும் ஓயாத ஊர்.

ஊரின் நடுவே ஒற்றைப் பாறையாக மலை. மேலே கோட்டை, கீழே நரசிம்மர், கமலாலயக் குளம். பரமத்தி ரோடு, மோகனூர் ரோடு, சேந்தமங்கலம் ரோடு, துறையூர் ரோடு, திருச்சி ரோடு, சேலம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு ஊரின் பெயர்கொண்ட சாலைதான். 'டவுனுக்குள்ள வீடு' என்று நாமக்கல்காரர் சொன்னால் கோட்டை, மணிக்கூண்டு, பழைய பஸ் ஸ்டாண்டுச் சுற்றுவட்டம் என்று அர்த்தம். நடந்தே போய் வரலாம். கடைவீதி, மருந்துக்கடை, டியூஷன், கோயில் எல்லாம் கைக்கெட்டும் தூரம். 2024-ல் முதலைப்பட்டியில் புதுப் பேருந்து நிலையம் திறந்து வெளியூர் வண்டிகள் அங்கே போனபிறகும் இந்த மவுசு பெரிதாகக் குறையவில்லை. வண்டி ஓட்டத் தெரியாத அம்மாவுக்கும், வண்டியே இல்லாத தொழிலாளிக்கும் டவுன்தான் வசதி.

வசதி என்று நான் சொல்வது வீட்டுக்கு வெளியே. உள்ளே போனால் நிலைமை வேறு. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக நாலைந்து குடித்தனம் இருக்கும் லைன் வீடு. முன்னால் ஒரு ரூம், பின்னால் சமையல், நடுவில் வெளிச்சமே எட்டாத ஓர் இடைகழி. குளியலறை பொது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகலாமா கூடாதா என்பதை அன்றன்றைக்கு வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடியில் தகர ஷீட் போட்டு எழுப்பிய அறையும் வாடகைக்குப் போகிறது. ஏப்ரல், மே மாதத்து மத்தியானத்தில் அந்த அறையில் ஒரு பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கும்படி பரிந்துரைப்பேன். வீடு பார்க்க எல்லோரும் சாயங்காலம்தான் போகிறார்கள். உரிமையாளரும் சாயங்காலம்தான் வரச் சொல்வார்.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர் மக்கள் ஏமாறுவதில்லை. 'காவேரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க? போர் தண்ணி உப்பா?' என்று முதல் கேள்வியே அதுதான். காவிரி மோகனூரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, ஊருக்குள் குழாய்த் தண்ணீரோ முறைவைத்து வருகிறது. தொட்டி எவ்வளவு பெரியது, மோட்டார் யார் போடுவது, கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் மேலே வருமா என்று கேட்டுத் தெளிந்துகொள்பவர்கள், மற்ற விஷயங்களில் மட்டும் ஏன் இப்படி வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

'குலதெய்வம் எதுங்க?'

வாடகை பேசுவதற்கு முன் ஒரு விசாரணை உண்டு. வெளிப்படையாகச் சாதி கேட்பது அநாகரிகம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் சுற்றி வருவார்கள்.

'எந்தூருங்க நீங்க?'

'அங்க எந்த வீதிங்க?'

'ஓ... அப்படீங்களா. குலதெய்வம் எதுங்க?'

கொங்கு வட்டாரத்தில் குலதெய்வத்தைச் சொன்னால் கூட்டம் என்னும் குலப்பிரிவும் தெரிந்துவிடும், சாதியும் தெரிந்துவிடும். 'எங்க ஊர் மாரியம்மன்தாங்க' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் அடுத்த கேள்வி அந்த வீட்டுக் கிழவியிடமிருந்து வரும்: 'உங்க அப்பாரு பேரு என்ன கண்ணு?' அதற்குப் பிறகு பதில் இரண்டே வகை. ஒன்று, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அல்லது, 'நேத்துதானுங்க ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு. போர்டு எடுக்க மறந்துட்டோம்.' மறுநாளும் அதற்கடுத்த வாரமும் அந்தப் பலகை அங்கேயே தொங்கும்.

பட்டியல் சாதிக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இந்தப் பதிலை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். நாமக்கல்லின் தனி நோய் இது என்று சொல்ல மாட்டேன். தில்லி வட்டாரத்தில் பொருளியல் அறிஞர் சுகதேவ் தோராட்டும் குழுவினரும் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பெயரை வைத்தே வீடு மறுக்கப்படுவதைப் பதிவு செய்தார்கள். தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே கதவு அடைபட்டது. பெருநகரத்தில் பெயர், இங்கே குலதெய்வம்.

சட்டம் என்ன சொல்கிறது? பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் 'நேத்து ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு' என்ற வாக்கியத்தை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்துவது? சாட்சியும் இல்லை, எழுத்தும் இல்லை. வாடகைக்கென்றே 2017-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமோ, யாருக்கு வீடு கொடுப்பது என்ற கேள்விக்குள் போகவே இல்லை.

அசைவம் இன்னொரு சோதனை. தினமும் லட்சக்கணக்கில் முட்டையை லாரியேற்றி அனுப்பும் ஊர் இது. முட்டை விலையே இங்கே பேசி முடிவாகித்தான் மற்ற ஊர்களுக்குப் போகிறது. இந்த ஊரிலும் 'சைவம் மட்டும்' என்று எழுதிய பலகைகள் உண்டு. பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறவர், அந்த வீட்டுச் சமையலறையில் ஓர் ஆம்லெட் போட முடியாது. பேச்சிலர்களுக்கு முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடும். கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு அதைவிடக் கஷ்டம். பிள்ளையோடு வந்த அம்மாவிடம் 'சார் வாரா வாரம் வருவாருங்களா?' என்று அக்கறையாக விசாரிக்கும் அதே ஊர், 'சார்' இல்லாத பெண்ணிடம் அதே கேள்வியை வேறு தொனியில் கேட்கிறது.

அட்வான்ஸா, போக்கியமா?

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று ஒரு காலம் முழுக்கப் பேசினார்கள். நாமக்கல் அந்த அளவுக்கு என்றும் போனதில்லை. ஆனால் இங்கே வேறொன்று வேரூன்றியிருக்கிறது. அது போக்கியம். மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள். சென்னையில் லீஸ். ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்ப வர வேண்டும், வட்டி கிடையாது.

இது ஏன் இந்த ஊரில் செழிக்கிறது என்று புரிய, ஃபைனான்ஸ் தொழில் புரிய வேண்டும். லாரி வாங்க, டயர் மாற்ற, தீவனம் எடுக்க என்று பணம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் ஊர். 'ஒரு வட்டி', 'ஒன்றரை வட்டி', 'ரெண்டு வட்டி' என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. மாதம் 8,000 ரூபாய் வாடகை போகக்கூடிய ஒரு வீட்டை 5 லட்சத்துக்குப் போக்கியம் விட்டதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் அந்தப் பணத்தை ரெண்டு வட்டிக்கு விட்டால் மாதம் 10,000. வாடகையைவிட 2,000 அதிகம். குடிவந்தவர் அதே 5 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் மாதம் 3,000-கூடத் தேறாது. அதை இழந்து 8,000 ரூபாய் வீட்டில் இருக்கிறார். இருவருக்கும் லாபம். கணக்கு இவ்வளவு அழகாக இருக்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வரும்.

சிக்கல் கடைசி நாளில் இருக்கிறது. வாங்கிய 5 லட்சம் உரிமையாளர் கையில் இருப்பதில்லை. மகள் கல்யாணத்திலோ, லாரியிலோ, வேறொருவர் கடனிலோ இருக்கும். 'அடுத்த ஆளு வந்தாத்தானுங்க பணம் தர முடியும்' என்பார். அடுத்தவர் வரும்வரை போக்கியக்காரர் அந்த வீட்டை விட்டு நகர முடியாது. பிள்ளை மருத்துவம் சேர்ந்து வேறு ஊருக்குப் போயிருக்கும். கல்லூரிக்கட்டணம் கட்ட நம்பியிருந்த பணம் நாமக்கல்லில் ஒரு வீட்டுச் சாவியாகத் தொங்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உரிமையாளர் ஏற்கெனவே அந்த வீட்டை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்து, தவணை கட்டாமல் விட்டால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்துக்கொள்ள வரும். அப்போது முத்திரைத்தாளில் எழுதிய போக்கியப் பத்திரத்தை நீட்டினால் வங்கி அதிகாரி அனுதாபமாகப் பார்ப்பார், அவ்வளவுதான். சொத்து மாற்றச் சட்டம் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சுவாதீன அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று எப்போதோ சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை, பதிவுக்கட்டணம் என்று செலவாகும் என்பதால் இரு தரப்பும் சேர்ந்தே பதிவைத் தவிர்க்கிறார்கள். ஐந்து லட்சத்தைக் கொடுப்பவர் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறார். குறைந்தபட்சம் வில்லங்கம் பார்க்கலாமே? பதிவுத்துறையின் இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்த்துக்கொள்ளலாம். சர்வே எண் கேட்டால் உரிமையாளர் சங்கடப்படுவார் என்று கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு யூனிட் எட்டு ரூபாய்

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் மாதா மாதம் கடிக்கும் விஷயம் கரண்ட் பில். ஒரு இணைப்பை வைத்துக்கொண்டு மூன்று குடித்தனம் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் சப்-மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், சில இடத்தில் பத்து ரூபாய். இதெல்லாம் வாய்க்கணக்கு.

மின்வாரியக் கணக்கு என்ன? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். அதற்குமேல் ஐந்நூறைத் தாண்டாத வீட்டில் நானூறு யூனிட்வரை யூனிட் ஐந்து ரூபாயைத் தொடுவதில்லை. ஓர் அம்மாவும் பிள்ளையும் இரண்டு மாதத்தில் 180 யூனிட் எரிக்கிறார்கள் என்றால், தனி இணைப்பு இருந்தால் 200 ரூபாய் அளவில் முடிந்துவிடும். சப்-மீட்டரில் எட்டு ரூபாய்க் கணக்குக்கு 1,440 ரூபாய். அரசு வீட்டு இணைப்புக்கென்று கொடுத்த நூறு யூனிட் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான். அதுவும் உரிமையாளர் கணக்கில் போய்ச் சேர்கிறது.

உரிமையாளர் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. மூன்று வீட்டு உபயோகமும் ஒரே மீட்டரில் கூடினால் ஐந்நூறைத் தாண்டி அடுத்தடுத்த படிக்கட்டுக்குப் போகும், விலை ஏறும், பொது மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் யார் கொடுப்பது என்பார்கள். நியாயம்தான். ஆனாலும் எட்டு ரூபாய்க்கு அந்த நியாயம் போதாது. மொத்த பில்லை எடுத்துவந்து யூனிட் கணக்கில் பிரித்துக்கொடுத்தால் தீர்ந்தது. 'பில்லைக் காட்டுங்க அக்கா' என்று கேட்கும் துணிச்சல்தான் குடியிருப்பவருக்கு இல்லை. கேட்டால் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆகிவிடும்.

பெயிண்ட் கணக்கு

காலி செய்யும் நாள் வந்ததும் சுவர்களுக்குத் திடீரென்று மதிப்பு கூடிவிடும். காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை, அடுப்புக்கு மேல் எண்ணெய்க் கறை, பிள்ளை பார்முலா எழுதி ஒட்டிய தாளின் பசை என்று உரிமையாளர் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்ப்பார். 'வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை பிடிச்சுக்கிறோம்.' இது ஊரறிந்த வழக்கம். வெள்ளையடித்தார்களா என்று பிறகு யாரும் போய்ப் பார்ப்பதில்லை. சாதாரணமாக மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் அழுக்காகும். அந்தத் தேய்மானத்துக்குத்தான் மாதா மாதம் வாடகை வாங்குகிறார்கள் என்ற எளிய உண்மையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாடகையை ஏற்றுவதற்கும் மாநகராட்சி அந்தஸ்து ஒரு புதுச் சாக்கைத் தந்திருக்கிறது. 'கார்ப்பரேஷன் ஆகிடுச்சுங்க, வரி ஏறிடுச்சு.' சொத்து வரி ஏறியது உண்மை. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க, வீட்டின் அளவைப் பொறுத்து 25 சதவீதத்தில் தொடங்கி ஏற்றினார்கள். அன்றைக்கு நாமக்கல் நகராட்சிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வரியில் கூடிய தொகையையும், மாதத்துக்கு ஆயிரம் கூடிய வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் சாக்கு நிற்காது.

சட்டம் வந்தது, பலருக்குத் தெரியவில்லை

போர்க்காலத்தில் வீடு கிடைக்காமல் திண்டாடியபோது பிறந்தது வாடகைக் கட்டுப்பாடு. அது பின்னாளில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. அந்தச் சட்டம் குடியிருப்பவரைக் காப்பதற்காக வந்தது. நாளாக நாளாக, சொற்ப வாடகைக்குத் தலைமுறையாக உட்கார்ந்துகொண்டு உரிமையாளரை நீதிமன்றப் படியேற வைத்தவர்களுக்கும் அது கேடயமானது. கோட்டைப் பக்கம், கடைவீதிப் பக்கம் பழைய கட்டடம் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு வழக்குக் கதை இருக்கும். கணவர் போனபின் இரண்டு போர்ஷன் வாடகையில் மருந்து வாங்கும் மூதாட்டிக்கு, குடியிருப்பவரைக் கண்டால் பயம். 'காலி பண்ணலைன்னா நான் எங்கீங்க போவேன்?' குலதெய்வ விசாரணையில் சாதி இருப்பது உண்மை. இந்தப் பயமும் கொஞ்சம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு பக்கத்துப் பயத்துக்கும் மருந்தாக வந்தது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறம் எதற்கும் பொருந்தும் என்பதால், நாமக்கல் மாநகராட்சி ஆகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்கென்று இணையதளம் இருக்கிறது, பதிந்தால் ஓர் எண் தருவார்கள். வேறுவிதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பிடித்தம் போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு ரசீது கேட்பது உரிமை. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி மிரட்டக் கூடாது. வீட்டுக்குள் வர வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்றது. அதற்கு முன்பே தமிழ்நாடு தனக்கென்று ஒன்றை வைத்திருந்தது.

இவ்வளவு நல்ல சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதையே ஒரு காரணமாகக் காட்டி, காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். சென்னையில் இந்தக் காரணத்தை வைத்து வழக்குகள் குவிந்தன. ஆக, 'நமக்குள்ள எதுக்குங்க எழுத்து, நம்பிக்கைதானே' என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டால், அந்தச் சிரிப்பின் விலையைக் கட்டப் போவது பெரும்பாலும் வாடகைதாரர்.

நாமக்கல்லில் இன்னமும் நடப்பது பதினொரு மாத முத்திரைத்தாள்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தாண்டத்தான் பதினொன்று. புதுச் சட்டம் வந்தபிறகு, எத்தனை மாதமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதால் அந்தப் பழைய தந்திரத்துக்கு அர்த்தமே போய்விட்டது. முத்திரைத்தாள் எழுதித் தரும் கடைகளில் இன்னும் அதே பழைய வாசகத்தைத்தான் அடித்துக்கொடுக்கிறார்கள். பெயரும் தேதியும் மட்டும் மாறும். அதிலும் ஒரே பிரதி, அது உரிமையாளர் பீரோவில்.

உரிமையாளர்கள் பதியத் தயங்கும் காரணம் ரகசியமில்லை. பதிந்தால் வருமானம் கணக்கில் ஏறும். மாநகராட்சிக்குச் சொந்த உபயோகம் என்று சொல்லி வரி கட்டும் வீட்டில் குடித்தனம் இருப்பது வெளியே தெரியும். குடியிருப்பவர்கள் தயங்குவது, பதியக் கேட்டாலே வீடு கிடைக்காது என்ற பயத்தில். இந்த இரண்டு தயக்கத்துக்கு நடுவில் ஒரு நல்ல சட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறதா என்றால் இல்லை. பெர்லின் நகரம் 2020-ல் வாடகையை உறையவைத்துச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், அதற்கு நகர அரசுக்கு அதிகாரமில்லை என்று ரத்து செய்தது. வாடகையை உத்தரவு போட்டு அடக்குவது கஷ்டம். நாமக்கல்லிலும் வாடகையைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேசியதை எழுதி வைக்கச் சொல்லித்தான் கேட்கிறோம்.

இதில் மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் முகாம் போடுகிறார்கள். பள்ளி சேர்க்கை மும்முரமாக நடக்கும் மே, ஜூன் மாதங்களில் வாடகை ஒப்பந்தப் பதிவுக்கும் முகாம் போடலாம். ஆயிரக்கணக்கான வெளியூர்க் குடும்பங்களை வரவழைக்கும் பள்ளிகளும் பயிற்சி மையங்களும், சேர்க்கைப் படிவத்தோடு ஒரு மாதிரி ஒப்பந்தத்தையும் கையில் கொடுத்து அனுப்பலாம். கட்டணம் வாங்க இத்தனை கவுண்டர் திறப்பவர்களுக்கு அது ஒன்றும் பாரமில்லை. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்குவதை மின்வாரியம் எளிதாக்கினால், எட்டு ரூபாய் யூனிட் தானாகக் காணாமல் போகும்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். இந்தப் பருவத்தில் நாமக்கல்லுக்கு வீடு பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதற்கு முன், ஒப்பந்தத்தை இரண்டு பிரதி எழுதி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ், வாடகை, கரண்ட் யூனிட் விலை, பெயிண்ட் செலவு யாருடையது என்று நான்கையும் அதில் எழுத வையுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள். போக்கியம் என்றால் வில்லங்கம் பார்க்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். குடியேறும் அன்றைக்குச் சுவர்களையும் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தைப் பதிந்து வாங்கிய எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். 'நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டால், 'இருக்குதுங்க, அதையே எழுதி வெச்சுக்கலாம்' என்று சொல்லுங்கள்.